புதிய ஆல்பமும் ஐந்திணைக் கருத்தும்: சூளகிரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராக் இசைக்குழு ஒன்று புதிய ஆல்பம் வெளியிட்டவுடன் கேட்பவர் வாயிலிருந்து வரும் தீர்ப்பு ‘கருத்து’ எனப்படும். ஆல்பத்தை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை அன்று. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். கருத்து உருவாக அவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை. இதன் இலக்கணத்தைத் தொல்காப்பியர் காட்டிய வழியில் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

ஆய்வுப் பொருளாக அமைவது பெங்களூருவின் ‘அகம்’ குழு. 2007-இல் சன் தொலைக்காட்சியில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த ‘ஊ லலல்லா’ போட்டியில் வென்ற குழு இது. கர்நாடகக் கீர்த்தனைகளை எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் மீது ஏற்றிப் பாடுவது இதன் வழக்கம். குழுவினர் தொடக்க காலத்தில் வாரநாளில் ஐ.டி. வேலையும் வார இறுதியில் ஒத்திகையுமாக இருந்தனர். முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ 2012-இலும், இரண்டாவதான ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ 2017-இலும் வெளிவந்தன.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இக்குழுவைக் கேட்கும் சூளகிரியின் நிலம் உரையாசிரியர்களைத் திணறடிக்கக் கூடியது. ஊருக்குப் பக்கத்தில் மலை இருப்பதால் குறிஞ்சி. கொத்தமல்லி விளைவதால் மருதம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஊரைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, பிரிவுக்கு உரிய வழியாதலால் பாலை. சிப்காட் தொழிற்பேட்டை எத்திணை என்பதற்குச் சூத்திரம் கிடையாது. பொழுதைப் பொறுத்தவரை மாலை, யாமம், வைகறை ஆகியவற்றின் இடத்தை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் பிடித்துக்கொண்டன. நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவருக்கு டிரம்ஸ் என்பது சத்தம். அவரே ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கேட்டால் அது தாளம். பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை.

கருப்பொருள் கேட்கும் கருவியையும் கேட்பவரின் மொழியையும் குறிக்கும். கம்பெனி பஸ்ஸில் ஒரே இயர்போனை இருவர் பகிர்வது இயல்பு. ஸ்டீரியோ பதிவில் இடப்பக்கம் ஒரு கிதாரும் வலப்பக்கம் வேறொரு கிதாரும் வைக்கப்படுவதுண்டு. ஜன்னலோரம் இருப்பவர் “கிதார் பின்னிட்டான்” என்கிறார். பக்கத்தில் இருப்பவர் “எங்க? ஒண்ணையே திருப்பித் திருப்பி வாசிக்கிறான்” என்கிறார். இரண்டு கருத்தும் அவரவர் காதளவில் உண்மை.

மொழி இதைவிட நுட்பமானது. இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடையில் தமிழ் பேசுவோர் ஏராளம். முதல் ஆல்பத்தில் உள்ள தியாகராஜரின் ‘பண்டுரீதி கோலு’ கீர்த்தனையைச் சென்னை ரசிகர் ஹம்ஸநாதம் என்று அடையாளம் கண்டு தலையாட்டுவார். சூளகிரித் தெலுங்கருக்கோ அது ராமனிடம் காவல் சேவகப் பணி கேட்கும் விண்ணப்பமாகவே காதில் விழுகிறது. மெய்சிலிர்ப்பு கவசம், ராமபக்தன் என்பது வில்லை, ராமநாமம் வாள் எனச் சீருடை விவரமும் அதில் உண்டு. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலை தேடும் ஊரில், “சரி, வேலை கெடச்சுதா?” என்று கேட்பது இசை விமர்சனத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

உரிப்பொருள் ஐந்து. புணர்தல்: “செம மச்சி!” இது வெளியான வாரத்தில் மட்டும் தோன்றும். இருத்தல்: “டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன், நிம்மதியா உக்காந்து கேக்கணும்.” இந்த நிம்மதி பல கார்காலங்கள் கடந்தும் வருவதில்லை. ஊடல்: “முன்ன மாதிரி இல்ல, கமர்ஷியல் ஆயிட்டாங்க.” மருதத்தில் பரத்தை வகித்த இடத்தை இங்கே சினிமா வகிக்கிறது. பிரிதல்: சொல்லே கிடையாது. டிரைவரின் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவ, இளையராஜா ஒலிப்பார். இரங்கல்: “மொத ஆல்பம் மாதிரி வருமா?” சூளகிரிக்குக் கடல் வெகு தூரம். ஆயினும் இந்த நெய்தற் கருத்தே இங்கு மிகுதி.

இரங்கல் உலகப் பொது. 1966-இல் மான்செஸ்டரில் எலெக்ட்ரிக் கிதாரோடு மேடையேறிய பாப் டிலனை நோக்கி அவையிலிருந்து “யூதாஸ்” என்று ஒருவர் கத்தினார். ரேடியோஹெட் குழு 2000-இல் கிதாரைக் குறைத்து ‘கிட் ஏ’ வெளியிட்டபோது பிரிட்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழ் அதைக் கிழித்தது. அதே ஆண்டு இறுதியில் இதழ் நின்றுபோனது. பத்தாண்டு முடிவில் ‘ரோலிங் ஸ்டோன்’ அந்த ஆல்பத்தைப் பத்தாண்டின் தலைசிறந்தது என அறிவித்தது. ஆர்க்டிக் மங்கீஸ் 2018-இல் பியானோவுக்கு மாறியபோது பழைய ரசிகர்கள் 2013-இன் ‘ஏஎம்’ ஆல்பத்தை நினைத்து உருகினர். இவற்றிலிருந்து பெறப்படும் விதி: அடுத்த ஆல்பம் வரும் நாளில் முந்தைய ஆல்பம் நல்ல ஆல்பம் ஆகிவிடும்.

இதன் காரணத்தை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் விளக்கினார். ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன் மீது விருப்பத்தை வளர்க்கும் என்பது அவர் கண்ட முடிவு. “கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்” என்று டீக்கடையில் சொல்லப்படுவதும் இதுவே. 2012 ஆல்பத்துக்கு ஐந்தாண்டுப் பழக்கம் இருந்தது. 2017 ஆல்பம் வெளியான அன்று அதற்கு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. போட்டி தொடக்கத்திலேயே சமமற்றது.

புறனடை: திணை மயக்கம் உண்டு. காலை பஸ்ஸில் ஊடியவர் மாலை பஸ்ஸில் புணர்தலுக்கு மாறுவது குற்றம் ஆகாது. இங்கு கூறப்படாத கருத்துகளையும் கூறியவற்றோடு பொருத்திக் கொள்க. ஆல்பத்தை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை பிசகாமல் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாதிருப்பவர் இவ்விலக்கணத்துள் அடங்கார்.