ஒரே ஊசி, உலகத்துக்கெல்லாம்

பாம்புக்கடி வைத்தியத்தின் சரித்திரத்தைக் கோழிகள் எழுதியிருந்தால் அதில் ஒரு டாக்டருக்கும் நல்ல பெயர் மிஞ்சியிருக்காது.

1780-களில், கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த தம்பியோடு விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார் ஸ்காட்லாந்து டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல். அதற்கு முன் அலெப்போவில் பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கே வந்ததும் பாம்புப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்போது சோழமண்டலக் கரையில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்றுக்கு ஏக மவுசு. உள்ளே வெள்ளைப் பாஷாணமும் பாதரசமும். அதாவது ஆர்சனிக்கும் மெர்க்குரியும். பாம்பிடம் தப்பினால் மாத்திரையிடமும் தப்ப வேண்டும். ரஸ்ஸல் நாயையும் கோழியையும் பாம்பிடம் கடிக்கக் கொடுத்தார், மாத்திரையையும் ஊட்டினார், நோட்டை விரித்து உட்கார்ந்தார். மாத்திரை பலிக்கவில்லை. 1796-ல் படம் போட்ட பெரிய புத்தகமாக எழுதினார். பிற்பாடு கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரை வைத்தார்கள். மருந்து கண்டுபிடித்தால் சிலை வைப்பார்கள், கண்டுபிடிக்காவிட்டால் பாம்பு.

அடுத்த நூறு வருஷம் வெள்ளைக்கார வைத்தியத்தின் பொற்காலம். வேப்பிலை அடிப்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே கனவான்கள் பாம்பு கடித்தவன் வாயில் பிராந்தியை ஊற்றினார்கள். அம்மோனியா கொடுத்தார்கள். அமெரிக்காவில் விஸ்கி. கடிபட்டவன் போதையில் போனானா விஷத்தில் போனானா என்று பிரித்துப் பார்ப்பது சிரமமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் அகஸ்டஸ் முல்லர் என்ற டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்ட்ரிக்னினை ஊசியில் ஏற்றினார். ஸ்ட்ரிக்னின் என்றால் எட்டிக்கொட்டை விஷம். இதற்கெல்லாம் நற்சாட்சிப் பத்திரங்களும் குவிந்தன. காரணம் எளிது. கடித்த பாம்பில் பாதி சாரையும் தண்ணீர்ப் பாம்புமாக இருக்கும். நல்ல பாம்பேகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். பிழைத்தவன் பெருமை பிராந்திக்குப் போயிற்று.

கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர் ஒருவர்தான் நேர்மையானவர். 1872-ல் வெளியான அவருடைய பாம்பு நூல் தூக்க முடியாத அளவுக்குக் கனம். படங்கள் அபார அழகு. இத்தனை பக்கத்துக்கும் சாரம் ஒன்றுதான்: இதற்கு மருந்து எதுவும் இல்லை.

1891-ல் வியட்நாமின் பாக் லியூ பக்கம் வெள்ளம் வந்தது. மனிதர்களைப் போலவே நாகப்பாம்புகளும் மேடு தேடிக் குடிசைகளுக்குள் புகுந்தன. நாற்பது பேரைக் கடித்ததில் நாலு பேர் செத்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பாம்புகளைப் பிடித்துப் பீப்பாயில் அடைக்க, பிரெஞ்சு அதிகாரி அந்தப் பீப்பாயை அப்படியே சைகோனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே பாஸ்டர் ஆய்வகத்தை ஆரம்பித்து உட்கார்ந்திருந்தவர் ஆல்பேர் கால்மெட், வயது இருபத்தெட்டு. இப்படி ஒரு சீர்வரிசை வாசலில் வந்து இறங்கினால் யார்தான் விடுவார்கள்?

முதலில் தங்கத்தில் செய்த உப்பைப் போட்டுப் பார்த்தார். கூலிக்காரனுக்குப் பாம்பு கடித்தால் தங்கம்! நல்ல வேளை, அது நிலைக்கவில்லை. பிறகு பிரான்ஸ் திரும்பி, அப்போது டிப்தீரியாவில் வெற்றி கண்டிருந்த வழியைப் பிடித்தார். குதிரைக்கு விஷத்தைத் துளித்துளியாக ஏற்றிக்கொண்டே போவது. மாதக்கணக்கில் பழகிய குதிரையின் ரத்தத்தில் முறிவு ஊறும். ரத்தத்தை எடுத்துச் சீரத்தைப் பிரித்தால் மருந்து. விஷம் பழகிய பிராணியின் ரத்தத்தில் முறிவு ஊறும் என்பதை 1894 பிப்ரவரியில் கால்மெட் அறிவிக்க, அதே மாதம் பாரிஸில் ஃபிசாலிக்ஸ், பெர்ட்ராண்ட் என்ற இரண்டு பேரும் அதையே அறிவித்தார்கள். 'நான்தான் முதல்' என்ற சண்டை வெகுகாலம் ஓடியது. குதிரையை யாரும் கேட்கவில்லை.

கால்மெட்டின் அசல் சேட்டை இனிமேல்தான். நாகத்தின் விஷத்தில் செய்த அந்தச் சீரம் உலகத்துப் பாம்பு எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று அடித்துச் சொன்னார். ஒரே ஊசி, எல்லாக் கண்டத்துக்கும். கிடைக்குமிடம் லில், பிரான்ஸ். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டின் புலிப் பாம்பு விஷத்தோடு வைத்துப் பார்த்தார், கேட்கவில்லை. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் கண்ணாடி விரியனோடு வைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. நாகத்தின் விஷம் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்தும். விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் வேறு வேறு புரதங்கள், ஒன்றுக்கு ஊறிய முறிவு மற்றதைச் சீண்டாது. இதைச் சொன்னவர்களிடம் கால்மெட் வருஷக்கணக்கில் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். பிறகு காசநோய்க்கு பி.சி.ஜி. தடுப்பூசி கொண்டுவந்து புண்ணியம் தேடிக்கொண்டார்; அதனால் இத்தோடு விடலாம்.

அவர் வாயை அடைத்தவர் பிரேசிலில் இருந்தார். முழுப் பெயர் விட்டல் பிரேசில் மினேய்ரோ டா கம்பான்யா. பிறந்த நாளுக்குரிய புனிதர், நாடு, மாநிலம், ஊர் என்று தகப்பனார் வரிசையாக அடுக்கிவிட்டார். தபால்காரருக்கு விலாசமே தேவையில்லை. காப்பித் தோட்டக் கூலிகள் பாம்பு கடித்துச் சாவதைப் பார்த்த டாக்டர் இவர். கால்மெட் சீரத்தை வரவழைத்து உள்ளூர்ப் பாம்புகளோடு சோதித்தார், பயனில்லை. அந்தந்த ஊர்ப் பாம்புக்கு அந்தந்த ஊர் விஷத்தில்தான் மருந்து என்று நிரூபித்து, சாவோ பாலோவுக்கு வெளியே புட்டான்டான் பண்ணையில் 1901-ல் தயாரிக்கத் தொடங்கினார்.

சரி, பாம்புக்கு எங்கே போவது? காசுதான் இல்லையே. விட்டல் பிரேசில் பண்டமாற்றில் இறங்கினார். விவசாயிக்கு மரப்பெட்டியும் சுருக்குக் கம்பும் அனுப்புவார். விவசாயி பாம்பைப் பிடித்துப் பெட்டியில் போட்டு ரயிலேற்ற வேண்டும், ரயிலில் கட்டணம் கிடையாது. பதிலுக்கு மருந்துக் குப்பிகள் வந்து சேரும். உயிருள்ள பாம்பை இலவசமாகச் சுமந்த அந்த ரயில்வேயின் பார்சல் குமாஸ்தாக்களுக்குத்தான் சிலை வைத்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்குச் சரக்கும், தோட்டத்துக்கு மருந்தும், எந்த ஊரில் என்ன பாம்பு என்ற கணக்கும் ஒரே செலவில் முடிந்தன. மலிவு மருந்து என்ற விஷயத்தில் இதைவிடக் கெட்டிக்கார யோசனையை நான் இன்னும் படிக்கவில்லை.

இந்தியாவில் கசௌலியிலும் பிறகு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திலும் குதிரைகள் கட்டப்பட்டன. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து உருவானது. விஷம் வேண்டும் என்றால் பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்த வித்தை தெரிந்த இருளர்களோ மெட்ராஸ் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை திடீரென்று குற்றமாயிற்று.

ராமுலஸ் விட்டேகர், நியூயார்க்கில் பிறந்து இந்தியாவில் வளர்ந்து மயாமியில் பாம்புப் பண்ணையில் வேலை பார்த்துத் திரும்பியவர், இருளர்களோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார். தோலை உரித்தால் பாம்பும் போச்சு, காசும் ஒரு தடவைதான். விஷத்தைக் கறந்தால்? 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. மண் பானைக்குள் பாம்பு, வாயில் துணி கட்டு. கறக்கும் நாளில் கம்பியால் தூக்கி, தலையைப் பிடித்து, மேலே சவ்வு இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்க விடுவார்கள். கண்ணாடி விரியன் தாராளப் பிரபு. கட்டு விரியனிடம் தேறுவது சில மில்லிகிராம்தான். மாதத்தில் நாலு தடவை கறந்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதிக் கடிதம் வர வேண்டும். பாம்புக்குப் பயப்படாத சங்கம் அந்தக் கடிதத்துக்கு மட்டும் காத்துக் கிடக்கும்.

2017-ல் ஃப்ளோரிடாக்காரர்கள் மலைப்பாம்புத் தொல்லை தாங்காமல், வேட்டைப் போட்டி வைத்து, மோப்ப நாய் விட்டு அலுத்து, கடைசியில் இந்தச் சங்கத்தின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் அழைத்தார்கள். இருவரும் போய், தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ.

நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போகிறது. பெருமைதான். ஆனால் செங்கல்பட்டு வட்டாரப் பாம்பின் விஷத்தில் செய்த ஊசியை ராஜஸ்தானிலும் அருணாசலிலும் போடுகிறோம். அங்கே உள்ள சில பாம்புகளுக்கு அது சரியாகக் கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுணகார் குழு காட்டியது. லில் நகரத்து ஆவி வடநெம்மேலி வரை வந்துவிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகும் நாட்டில் இது சில்லறை விஷயமும் இல்லை.

நாமும் அந்த ஆவியை ஏற்றுமதி செய்தோம். இந்தியாவில் தயாரான மலிவு மருந்து ஒன்று கானாவுக்குப் போயிற்று. விலை குறைவு, பழைய மருந்தை நிறுத்திவிட்டு அதையே போட்டார்கள். மருத்துவமனையில் பாம்புக்கடி இறப்பு 1.8 சதவீதத்திலிருந்து 12.1 சதவீதமாக ஏறியது. ஆப்பிரிக்காவுக்கென்றே செய்த நல்ல மருந்து ஒன்றும் இருந்தது. அதை சனோஃபி கம்பெனி கட்டுப்படியாகவில்லை என்று 2014-ல் நிறுத்திக்கொண்டது. பாம்பு கடிப்பது வயலில் வேலை செய்பவனை. அவனிடம் பணம் இல்லை. அதனால் சந்தையும் இல்லை.

உருப்படியாக ஒரு வேலை செய்தது கோஸ்டா ரிக்கா. ராணுவமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட குட்டி நாடு. 1970-ல் தொடங்கிய அங்குள்ள க்ளொடோமிரோ பிக்காடோ நிறுவனத்தில், 1990-களில் குதிரை ரத்த நீரில் கேப்ரிலிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கினார்கள். ஆட்டுப் பாலில் இருக்கும் அமிலம், வாடையும் அதற்கேற்றபடிதான். வேண்டாத புரதமெல்லாம் பால் திரிவது போலத் திரிந்து கீழே நின்றது. வடிகட்டினால் முறிவுப் புரதம் தெளிவாக மேலே. முன்பு பல படிகளில் சேதாரமாகச் செய்தது ஒரே படியில் முடிந்தது, செலவும் இறங்கியது. இதே முறையில், நைஜீரியப் பாம்பின் விஷத்தைக் கொண்டு, நைஜீரியாவுக்கே மருந்து செய்து அனுப்பினார்கள். விட்டல் பிரேசில் சொன்னதைக் கேட்டவர்கள்.

ஆனாலும் 'ஒரே ஊசி' ஆசை போகவில்லை. அமெரிக்காவில் டிம் ஃப்ரீட் என்ற லாரி மெக்கானிக் பதினெட்டு வருஷமாகத் தனக்குத் தானே விஷம் ஏற்றிக்கொண்டார். இருநூறு தடவைக்கு மேல் பாம்பைக் கடிக்கவும் விட்டார். 2001-ல் இரண்டு நாகங்கள் அடுத்தடுத்துக் கடித்ததில் கோமாவுக்குப் போய்த் திரும்பி வந்து, திரும்பவும் ஆரம்பித்தார். வீட்டில் என்ன சொன்னார்களோ. ஒரு வழியாகக் குதிரைக்கு ஓய்வு. அவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்கள் இரண்டோடு ஒரு மருந்தைச் சேர்த்து, 19 வகைப் பாம்பு விஷத்தில் 13-க்கு எலிகளை முழுசாகக் காப்பாற்றியதாக 2025-ல் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் 'எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்தப் பத்தொன்பதும் நாகம், கட்டு விரியன், மாம்பா வகையறா. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பட்டியலிலேயே இல்லை.