அரத்துக்குத் துளை போட்டவர்

கேள்வி: பழைய அரத்தைக் கத்தியாக்குகிறேன். பிடிக்கு ஆணி இறக்கத் துளை போட்டால் டிரில் பிட்தான் மழுங்குகிறது. இரும்பை இரும்பு வெட்டாதா?

பதில்: எப்படி வெட்டும்? எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட், அரம் இரண்டுமே ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் 60-ஐத் தாண்டியவை. பங்காளிச் சண்டையில் லாபம் பிட் விற்கும் கடைக்காரருக்கு!

பிடிப் பகுதியை மட்டும், காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் இளகிவிடும். சாதாரண பிட்டே இறங்கும். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் பழைய முறுக்கு திரும்பிவிடும்.

காய்ச்ச வசதி இல்லையா? சுவர் துளைக்கும் பிட்டின் நுனி டங்ஸ்டன் கார்பைடு. அதை வைரச் சக்கரத்தில் கூராக்கி, மெஷினின் ஹேமரை அணைத்துவிட்டு அழுத்தலாம். கார்பைடு சட்டென்று உடைந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.