ஆயுத பூசைக்கு மட்டும் எந்திரிக்கிற கேமரா

வாங்கப்பு, வாங்க. பையைக் கீழ வைக்காதீக, தூசி ஏறிரும். என் மடியில வேணும்னா வைங்க. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொன்னதெல்லாம் லட்ச ரூபா லென்சு வராத காலத்துப் பேச்சு; இப்ப வழியில போனாத்தானே பயம், ஒங்களுக்கு என்ன?

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா திருப்பரங்குன்றத்துல ரெண்டு கூட்டம் தவறாமக் கூடுது. ஒண்ணு கிரிவலம் போற கூட்டம், இன்னொண்ணு நீங்க. அவிங்க மலையைச் சுத்தி முடிச்சு, வேர்வையைத் தொடச்சு, நாலு இட்லியும் தின்னுட்டுப் பஸ் ஏறிர்றாய்ங்க. நீங்க டீக்கடைப் பெஞ்சை விட்டு எந்திரிக்கிறதில்ல. நிக்கானா கேனானான்னு ஆரம்பிக்குது. சோனிக்காரன் நடுவுல பூந்து ஆட்டோஃபோகஸ்ங்கிறான். ஃபியூஜிக்காரன் வாயே தொறக்காம, ஞானி கணக்கா சிரிக்கிறான். எனக்கு டி.வி. பொட்டியே தேவைப்படலய்யா, சக்கரை இல்லாத டீயை ஆத்திக்கிட்டு ஒங்களைப் பாத்தாலே பொழுது போயிருது.

பக்கத்துல அவனியாபுரத்துல பாருங்க. வருசம் பூராக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வச்சு, நீச்சல் பழக்கி, திமிலைத் தடவித் தடவி, என் மாடு ஒசத்தி ஒன் மாடு மட்டம்னு ஒங்களை மாதிரியேதான் பேசுறாய்ங்க. ஆனா தை ஒண்ணாந்தேதி வாடிவாசல்ல அவுத்து விட்டுர்றாய்ங்கள்ல? ஒங்க லென்சு காத்துப் புகாத டப்பாவுல, சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தலைக்கு வச்சுத் தூங்குது. ஆயுத பூசை அன்னைக்கு வெளிய எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை படைச்சு, அந்தக் கேமராவை போன்ல படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுறீக. போன்லயே படம் நல்லா வந்திருக்குன்னு கீழ நாலு பேரு சொல்றாய்ங்க.

நான் வாங்க வேணாம்னு சொல்ற ஆளில்லப்பா. தாராளமா வாங்குங்க. 50 எம்எம்ல 1.8 போட்டது பத்துப் பதினஞ்சாயிரத்துல கெடைக்குது. அதுலயே 1.2 போட்டது ஒன்றரை லட்சத்தைத் தாண்டுதாம், பேரன் சொன்னான். ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கணக்குப் போட்டா ரெண்டேகால் மடங்கு வெளிச்சம் கூடுதலா உள்ள வரும். வெளிச்சம் ரெண்டேகால் மடங்கு, வெலை பத்து மடங்கு. சித்திரை மாசம் மதுரைச் சீமையில வெளிச்சம் பத்தலன்னு ஒருத்தன் ஒன்றரை லட்சம் குடுத்து வெளிச்சம் வாங்குறான்னா அவனைக் கையெடுத்துக் கும்புடணும். வாங்கியாந்து என்ன பண்றான்? வெளிச்சம் மிஞ்சிப்போச்சுன்னு அதுக்கு முன்னாடி ஒரு கருப்புக் கண்ணாடியை மாட்டுறான். என்.டி. ஃபில்டராம். அதுக்குத் தனிக் காசு.

மெகாபிக்சல் சண்டையை விட்டுருவோம். 45 மெகாபிக்சல்ல எடுக்குறீக. இன்ஸ்டாகிராம்காரன் அதை 1080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிப்புட்டா ஒன்றரை மெகாபிக்சல் தேறுறதே பெருசு. அதையும் ஒங்க மச்சான் டவுன் பஸ்சுல தொங்கிக்கிட்டே கட்டைவெரல்ல தள்ளிட்டுப் போயிர்றான்.

கோபுரத்துக்கு வாங்க. போன தையில ஒரு அப்பு சன்னதித் தெருவுல நின்னு ராஜகோபுரத்தை எடுத்துட்டு வந்து அழாத குறை. “தாத்தா, கோபுரம் கருத்துப்போச்சு, வானம் வெளுத்துப்போச்சு. இந்த பாடியில டைனமிக் ரேஞ்ச் பத்தல, மாத்தணும்.” ஏன்டா, எழுபது தாண்டியும் என் பாடியவே நான் மாத்தல, ஒனக்கென்ன அவசரம்? எந்தப் பக்கம் பாத்து நின்ன, சூரியன் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். முழிக்கிறான். கேமராவுக்குள்ள திசைகாட்டி இருக்குங்கிறான், ஆனா திசை தெரியல.

நம்ம கோயில் மலைக்கு வடக்கடியில வடக்கப் பாத்து நிக்குது. எட்டாம் நூத்தாண்டுப் பாண்டியன் காலத்துல பாறையைக் குடைஞ்சவய்ங்க முருகன், துர்க்கை, பிள்ளையாரு மூணு பேரையும் வடக்கப் பாத்தே வச்சுட்டாய்ங்க. மார்கழி தையில சூரியன் தெக்க சாஞ்சு போறவரு. அதாவது கோபுரத்துக்கும் மலைக்கும் பின்னால இருப்பாரு. அவரு மூஞ்சிக்கு நேரா லென்சைத் தூக்கிப் பிடிச்சுட்டு, கோபுரத்து மூஞ்சி தெரியலன்னா யாரு என்ன செய்ய? மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்க பத்து டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. அதனால சித்திரை பொறந்து ரெண்டு மூணு நாள்ல சூரியன் ஒச்சிக்கு நேரா வந்துருவாரு. அன்னைலருந்து ஆவணி பத்து வாக்குல வரைக்கும் நமக்கு வடக்கதான் அவரு நடமாட்டம். அந்த நாலு மாசத்துச் சொச்சமும் காலையில எட்டு மணிக்குப் போய் நின்னுப் பாருங்க. வெயில் பக்கவாட்டுல சரிஞ்சு விழுந்து, கோபுரத்துல இருக்கிற ஒவ்வொரு சுதைக்கும் தனித்தனியா நிழல் கட்டியிருக்கும். பங்குனிக் கடைசியிலயும் ஆவணிக் கடைசியிலயும் விடிகாலை கொஞ்ச நேரம் அந்த யோகம் கெடைக்கும். மார்கழியில வந்தவன் மலையைச் சுத்திக்கிட்டுத் தெக்குச் சரிவுக்குப் போகணும். தென்பரங்குன்றத்துல உமையாண்டார் குடைவரை இருக்கு, சமணருக்குன்னு குடைஞ்சு பெறகு சிவனுக்கு ஆனது. குளிர்கால வெயில் அந்தப் பக்கந்தான். பாடி மாத்த ரெண்டு லட்சம். மாசம் மாத்த தினசரிக் காலண்டர் போதும், அதையும் மளிகைக்கடையில சும்மாவே தர்றாய்ங்க.

இன்னொருத்தன் 600 எம்எம் வச்சிருக்கான். அதைத் தூக்கிட்டு வர ஒரு தம்பியும் வச்சிருக்கான். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு தென்கால் கண்மாய்க் கரையில நின்னு, மலை மேல இருக்கிற மயிலை எடுத்து, ஷார்ப் இல்லன்னு லென்சை சர்வீஸுக்கு அனுப்பிட்டான். அவிங்களும் நல்லாத்தான இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாய்ங்க. நல்லாத்தான் இருக்கும். கரைக்கும் மயிலுக்கும் நடுவுல கானல் கொதிக்குது. சூட்டுக் காத்தும் குளுந்த காத்தும் கலந்து வெளிச்சத்தை நெளிச்சு நெளிச்சு அனுப்புது. லென்சு நீளம் கூடக் கூட அந்த நெளிவும் சேந்தே பெருசாகும். காலையில ஆறு மணிக்குக் கானல் கெடையாது. ஆறு மணிக்கு இவனும் கெடையாது. மயிலு மட்டும் இருக்கும்.

இப்ப எஃபெக்டு. இதுல நீங்க வாயைத் தொறந்தா எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, ஏன்னா நான் ஸ்டுடியோவுல இருட்டறைப் பையனா இருந்து வளந்தவன். ஒங்க போன்ல ‘பியூட்டி’ன்னு ஒரு பொத்தான் இருக்குல்ல, அது எங்க கடையில ஒரு பென்சில். நெகட்டிவை ஒரு சாய்வு மேசையில வச்சு, கீழ கண்ணாடியைச் சாச்சு வெளிச்சத்தை மேல அனுப்புவோம். பென்சிலை உப்புத்தாள்ல தேச்சுத் தேச்சு ஊசி மாதிரி நீட்டி வச்சிருப்பாரு மொதலாளி. கண்ணுக்குக் கீழ இருக்கிற கருவளையம் நெகட்டிவுல வெளுத்துத் தெரியும். அங்க புள்ளி புள்ளியா பென்சில் மை ஏத்துனா, பிரிண்டுல அந்த எடம் வெளுத்து வந்துரும். அம்மைத் தழும்பு போயிரும், பத்து வயசு கொறைஞ்சிரும். அழுத்திப் பிடிச்சா பொண்ணு மூஞ்சியில சொறி வந்த மாதிரி ஆகிரும், கல்யாணம் நின்னுரும். அதனால மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தொடுவாரு. நீங்க பொத்தானைத் தொட்டதும் காதும் மூக்கும் சேந்து வழுவழுன்னு ஆகிருது.

டபுள் எக்ஸ்போசர்னு மெனுவுல இருக்கிறதைக் காட்டி என்னமோ ஒங்க கம்பெனி கண்டுபிடிச்ச மாதிரி சொன்னீக. 1940ல மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தம புத்திரன்’ எடுத்தப்பவே பி.யூ.சின்னப்பா ரெட்டை வேஷம். லென்சுல பாதியை மறைச்சு ஒரு தடவை ஓட்டி, ஃபிலிமைத் திருப்பிச் சுத்தி, மறு பாதியை மறைச்சு இன்னொரு தடவை ஓட்டுறது அந்தக் காலத்து வித்தை. கேமரா ஒரு நூல் அசைஞ்சாலும் ரெண்டு ஆளுக்கும் நடுவுல கோடு விழுந்துரும்.

அதுக்கும் மூத்தவன் ஒருத்தன் இருக்கான், லின்னேயஸ் டிரைப். கும்பினிப் பட்டாளத்துக் கேப்டன், மதராஸ் சர்க்காருக்குப் படம் எடுக்கிற உத்தியோகம். 1858ல மதுரைக்கு வந்து புதுமண்டபத்தையும் ராயகோபுரத்தையும் நாயக்கர் மகாலையும் எடுத்தான். அவனோட நெகட்டிவ் மெழுகு ஏத்துன காகிதம், ஏறக்கொறைய பன்னெண்டுக்குப் பதினஞ்சு அங்குலம். அத்தனை பெரிய காகிதத்தை விழுங்குற கேமராவையும், மருந்து புட்டியையும், கூடாரத்தையும் தூக்கிக்கிட்டு வந்திருக்கான். ஒங்களுக்கு ரெண்டு லென்சு தூக்குறதுக்குள்ள தோள்பட்டை வலி. அந்தக் கால மருந்துக்கு நீல வெளிச்சம்னா உசுரு. நம்மூரு வானம் அத்தனையும் எரிஞ்சு வெள்ளைத் தாளா வந்துரும், மேகம்ங்கிற பேச்சே கெடையாது. டிரைப் என்ன பண்ணுனான்? நெகட்டிவ் மேல சாயத்தைத் தொட்டு மேகத்தைக் கையால எழுதுனான், மரத்துக்கு எலையும் வச்சான். வானத்தை மாத்துற பொத்தான் 2020க்கு மேலதான் வந்துச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீக!

அவன் கதையில எனக்குப் பிடிச்ச கட்டம் கடைசிக் கட்டம். 1859ல மதராசுக்கு கவர்னரா வந்த டிரெவெலியன், கஜானா இருக்கிற இருப்புல இதெல்லாம் ஆடம்பரம்யான்னு சொல்லி படம் எடுக்கிற வேலையவே நிறுத்திப்புட்டாரு. ஒங்கப்பன் லென்சுக்குக் காசு தரமாட்டேன்னு சொன்னதுக்கு ஊரெல்லாம் போய்ப் பொலம்புன பாரு, அந்தப் பரம்பரைக்கு மூத்தவரு கவர்னரு.

ஃபியூஜிக்கார அப்பு, சிரிச்சது போதும், ஒன் பக்கம் வாரேன். ‘கிளாசிக் குரோம்’னு பழைய ஃபிலிம் நெறம் வருதுன்னு சொன்ன. ஒன் கம்பெனி அந்தப் பேருல ஒருநாளும் ஃபிலிம் போட்டதில்ல. வெல்வியான்னு போட்டான், அது நெசம். நாங்க ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் போட்ட ‘இந்து’ ஃபிலிமை வச்சுக்கிட்டு, பிரிண்டுல மணல் மணலா புள்ளி விழுந்துறக் கூடாதேன்னு மருந்துத் தண்ணியோட சூட்டைக் கைவெரலை விட்டுப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். புள்ளி தெரிஞ்சா கிராக்கி காசு தரமாட்டான். இப்ப அந்தப் புள்ளியை மெனுவுல போட்டு ‘கிரெய்ன் எஃபெக்ட்’னு விக்கிறாய்ங்க. கிளிக் த்ரீ கேமராவுல ஒரு ரோலுக்கு 12 படம். ஒரு குடும்பம் பழனிக்குப் போய்ட்டு வந்தா அந்த 12க்குள்ள மொட்டை, காவடி, மலை, மாமியா எல்லாம் அடங்கணும். நீ போன வாரம் ஒரு டீ கிளாசை எத்தனை தடவை எடுத்தன்னு நான் எண்ணல, டீ ஆறிப்போனதை மட்டும் பாத்தேன்.

போன்காரனும் ரொம்ப நெளிய வேணாம். போர்ட்ரெய்ட் மோடுல பூக்காரம்மாவை எடுத்த பாரு. அது லென்சு மங்கலாக்குன மங்கல் இல்ல, எது முன்னாடி எது பின்னாடின்னு போன் உத்தேசமா கணக்குப் போட்டு அழிச்ச மங்கல். அந்தம்மா வெரலுக்கும் மொட்டுக்கும் நடுவுல ஓடுற நாரைக் காணோம். கொண்டையில வச்ச மல்லியில பாதியைப் பின்னாடி இருக்கிற செவத்தோட சேத்து அழிச்சிருச்சு. மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு; ஒன் போனுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. நாரு இல்லாம பூக் கட்டுற வித்தையை அந்தம்மாகிட்டக் காட்டுனேன். “இப்படிக் கட்டுனா மொழம் எவ்வளவுக்குப் போகும் பெரியவரே?”ன்னு கேட்டுச்சு.

சும்மா கேலி மட்டும் பண்றான் கெழவன்னு நெனைச்சுறாதீக. காசு போட்டே ஆகணும்னு கை அரிச்சா, போலரைசர்னு சொல்லுவாய்ங்களே, திருகுற கண்ணாடி, அதுக்குப் போடுங்க. கீழக்குயில்குடியில சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்துக்கு எடுத்துட்டுப் போங்க. தண்ணி மட்டத்துலருந்து முப்பத்தஞ்சு நாப்பது டிகிரி ஏத்தத்துல பாக்குற மாதிரி நின்னு மெதுவாத் திருகுனா, தண்ணி மேல மினுக்குற வானம் அப்பிடியே கழண்டு விழுந்து, தாமரைத் தண்டு சேத்துல எறங்குற எடம் வரைக்கும் தெரியும். பெறகு வீட்டுல ஒக்காந்து எந்தப் பொத்தானை அமுக்குனாலும் அது வராது. மினுக்கு மறைச்ச எடத்துல படத்துக்குள்ள ஒண்ணும் பதிஞ்சிருக்காது. கண்ணாடியில செய்யவேண்டிய வேலை, கண்ணாடியிலதான் ஆகும். ஆனா இதைப் பத்தி நீங்க பெஞ்சுல ஒரு நாளும் பேசி நான் கேக்கல. வெலை கம்மிங்கிறதால பேச்சுக்கு ஆகல போல.

கோயிலுக்குள்ள எந்த லென்சு நல்லதுன்னு கேட்டவனுக்கு மட்டும் பதில் பாக்கி. 2022 டிசம்பர்ல நம்ம மதுரைக் கிளை ஐகோர்ட்டே தமிழ்நாட்டுக் கோயிலுக்குள்ள செல்போன் வேணாம்னு சொல்லிருச்சு. வாசல்ல குடுத்து டோக்கன் வாங்கிட்டுப் போய் சாமியைக் கண்ணால பாரு. அந்த லென்சுக்கு எனக்குப் போன வருசம்தான் ஆபரேசன் பண்ணி உள்ளயே புதுசு மாட்டுனாய்ங்க. ஜூம் கெடையாது, ஆனா நீ பர்சைப் பையில மறைக்கிறது நல்லாத் தெரியுது. டீக் காசைக் குடு.

போறதுக்கு முன்னாடி ஒரு சமாச்சாரம். பேரன் ஒங்க டெஸ்ட் படத்தையெல்லாம் பெருசு பண்ணிக் காட்டுனான். ஒவ்வொண்ணுலயும் முன்னாடி டீ கிளாசு பளிச்சுன்னு இருக்கு. பின்னாடி வெள்ளையா, உருண்டையா, அழகா ஒண்ணு மங்கலாத் தெரியுது. “பொக்கே எப்பிடி கிரீமியா இருக்கு பாருங்க தாத்தா”ன்னான். அது என் தலைடா. இத்தனை பேரு, இத்தனை லட்சம், ஒருத்தன்கிட்டயும் என் மூஞ்சி இல்ல. நம்மூரைப் பத்தி ஒங்களுக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா பன்னெண்டடி பிளெக்ஸ் வச்சிருவாய்ங்க, அதுல ஆதார் அட்டைப் படத்தைப் போட்டா தெருவுல பிள்ளைக பயந்துரும். ஐப்பசியில மேகம் மூடுன ஒரு காலை பாத்து வாங்க, வடக்குத் திண்ணையில ஒக்காந்துக்கிறேன், பல்லும் கட்டிக்கிறேன். லென்சு எதுன்னு மட்டும் நீங்க பேசி முடிவு பண்ணிக்கோங்க. நீங்க முடிவு பண்ற வேகத்துக்கு, டாக்டர் சொன்னதை விட பத்து வருசம் கூட இருந்துருவேன்.