குடிக்காதவன் கல்லீரல்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். நான்தான் சொல்லிச் சொல்லித் தெரியவைத்தேன். கல்யாண வீட்டில் மொட்டைமாடிக்கு ஒதுங்கும் நண்பர்களிடம் "ஈரல் வெந்துரும்டா" என்று உபதேசம் செய்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து இன்னொரு ஜாங்கிரி கேட்டு வாங்குவேன்.

அப்படிப்பட்டவனுக்கு மாஸ்டர் செக்கப்பில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்தால்? ரிப்போர்ட் மாறிவிட்டது என்று லேப்பில் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண் பொறுமையாகப் பெயர், வயது, எடை எல்லாம் படித்துக் காட்டினாள். எடையைச் சற்று மெதுவாகப் படித்திருக்கலாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

அதன்பின் டாக்டரிடம் போவதைத் தவிர எல்லா வைத்தியமும் செய்தேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தேன். அது காமாலைக்கு, எனக்குக் காமாலையே இல்லை. வாட்ஸ்அப் பார்த்துச் சீந்தில் பொடியும் ஆரம்பித்தேன். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள் என்பது டப்பா காலியான பிறகு தெரிந்தது. நடைப்பயிற்சியும் உண்டு: வீட்டிலிருந்து வடைக் கடை வரை.

கடைசியில் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். குடியைப் பற்றிக் கேட்பார், நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். "சுகர் எத்தனை வருஷமா சார்?" என்றார் ஈரல் டாக்டர். சுகரும் தொப்பையும் சேர்ந்தால் ஈரலில் கொழுப்பு தங்கச் சாராயம் தேவையில்லையாம்.

"எஸ்ஜிபிடி நார்மல்தானே டாக்டர்?" என்று ரத்தப் பரிசோதனையின் ஈரல் எண்ணைக் காட்டிக் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "நார்மலா இருந்தாலும் உள்ளே தழும்பு இருக்கலாம்" என்றவர், என் வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் போட்டு 'ஃபிப்-4' கணக்குப் பார்த்தார். 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எனக்குத் தாண்டியிருந்தது. அதனால் ஈரல் தழும்பைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில், பெரிய தழும்பு இல்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்லி அனுப்பினார். குறைத்துக்கொண்டிருக்கிறேன், தீபாவளி நீங்கலாக.

கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். சுகர் இருந்து, ஸ்கேனில் கொழுப்பு என்றும் வந்திருந்தால், அந்த ஃபிப்-4 கணக்கைப் போடச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த எண்கள் இருந்தால் அதுவே போதும்.