ஒரு பீடி டீயும் பாசி தின்னும் ஆடுகளும்

நார்த் ரொனால்ட்சே தீவு,
ஆர்க்னி, ஸ்காட்லாந்து.
ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது.  

போன வாரம் போனில், "இங்க ஆடெல்லாம் கடற்பாசிதான் திங்கும் மாமா" என்றேன். நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாப்ளே, குளிருக்குன்னு எதுவும் ஊத்திக்கிறியா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை போனைப் பிடுங்கி மகளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். வாயால் சொன்னால் கதை, தாளில் எழுதினால் சாட்சி என்பது உங்கள் கொள்கை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் வடக்கு முனையைத் தாண்டிக் கடலுக்குள் ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். அந்தக் கூட்டத்திலும் சேராமல் வடகிழக்கு மூலையில் தனியாகக் கிடப்பது எங்கள் தீவு. நீளம் 5 கிலோமீட்டர் இருக்கும். ஜனம் சுமார் 60 பேர். நம் தெருவில் ஒரு காதுகுத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூடத் தேறாது. மலை கிடையாது. தரை தோசைக்கல் மாதிரித் தட்டை. மரம் என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை. தொரட்டிக் கம்போடு நீங்கள் இறங்கினால் மாட்டி இழுக்க ஒரு கிளை கிடைக்காது. இருப்பதெல்லாம் காற்று. அது ஒருநாளும் ஓய்வதில்லை. வந்த முதல் வாரம் வேட்டியை வெளியே காயப்போட்டேன். அது இந்நேரம் நார்வேயில் யார் இடுப்பிலாவது இருக்கும்.

கப்பல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான், அதுவும் கடல் மனசு வைத்தால். மற்றபடி கிர்க்வால் என்கிற ஊரிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி என்று எழுத நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் எட்டோடு நிறுத்த மாட்டார்கள். இங்கே ஒருவருக்கு ஒரு வேலை என்பதும் கிடையாது. விமானம் இறங்கும்போது தீயணைப்பு உடுப்போடு நிற்கிறவரே, அது கிளம்பியதும் உடுப்பைக் கழற்றிவிட்டு மாட்டைப் பார்க்கப் போவார்.

பேச்சும் ஒரு தினுசு. இந்தத் தீவுகளில் சின்னது எதுவானாலும் 'பீடி'. பீடி நாய், பீடி வீடு, பீடிக் குழந்தை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஒரு பீடி டீ குடிக்கிறாயா?" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "பீடி வேண்டாம் பாட்டி, டீ மட்டும் போதும்" என்றேன். சின்ன டீ இவனுக்குப் பத்தாது போல என்று அவர் நினைத்துக்கொண்டு, ஒரு வாளி அளவுக் கோப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தார். பாதி குடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். தீவைச் சுற்றிக் கரையோரமாக ஒரு கல்சுவர் ஓடுகிறது. நீளம் 13 மைல், நம் கணக்கில் 21 கிலோமீட்டர். இத்தனூண்டு தீவுக்கு இத்தனை சுவரா என்று கேட்காதீர்கள், கரை அவ்வளவு வளைசல். கிட்டத்தட்ட ஆள் உயரம்; சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது, கல்மேல் கல் அடுக்கியது. கட்டியது 1832-ல். எதற்கு? ஆடு கடலில் விழுந்துவிடாமல் இருக்க என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை மாமா, ஆடு ஊருக்குள் வந்துவிடாமல் இருக்க! சுவருக்கு வெளியே கடலோரப் பாறையில் ஆடு. உள்ளே வீடு, வயல், மாடு, சர்ச், உங்கள் மகள், நான். நியாயமாகப் பார்த்தால் பட்டியில் அடைபட்டிருப்பது நாங்கள்தான்.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. முன்பு பாசியை நம்பிப் பிழைத்தவர்கள் மனிதர்களே. மண்டபம், பாம்பன் பக்கம் நம் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்கிறார்களே, அதுபோல. இவர்கள் காயவைத்துக் குழியில் போட்டு எரித்து, சாம்பல் கட்டியை விற்றார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அது வேண்டியிருந்தது. 1830 வாக்கில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. தீவின் சொந்தக்காரர் கணக்குப் போட்டார்: இனி மாடும் பயிரும்தான் காசு, பயிரில் வாய்வைக்கும் ஆடு நஷ்டம். தள்ளு வெளியே, எழுப்பு சுவரை! இப்படியாக, மனிதன் கைவிட்ட பாசித் தொழில் முழுக்க ஆட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாசி அதற்குப் புதிதும் இல்லை, முன்பே தின்று பழகியதுதான். பக்கத்தில் புல் என்று ஒன்று இருப்பதை மறக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஆடு நம் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியைவிடக் கட்டை. வால் குட்டை. சாம்பல், கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று எல்லா நிறமும் உண்டு. நம்முடையதற்கு உடம்பில் முடி, இதற்கு நல்ல கம்பளி. நம் ஆடு சூரியனைப் பார்த்து மேயப் போகும், இது சந்திரனைப் பார்த்துப் போகிறது. கடல் வற்றினால் பாறைக்கு இறங்கிப் பாசி மேயும். கடல் ஏறினால் கரைக்கு வந்து படுத்து அசைபோடும். நடுராத்திரி வற்றினால் நடுராத்திரிச் சாப்பாடு. குளிர்காலத்தில் ஆடு மெலியும் என்றுதானே சொல்வீர்கள்? இது அப்போதுதான் கொழுக்கும். புயல் அடிக்க அடிக்கப் பாசியைக் கொண்டுவந்து வாசலில் குவித்துவிடுமே.

இதைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். பாசியிலிருந்து உடம்பில் சேரும் செம்புச் சத்து மிகக் குறைவு. அதனால் கிடைக்கிற துளியையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ளப் பழகிய உடம்பு இந்த ஆட்டுக்கு. அதைக் கொண்டுபோய்க் காலம் முழுக்கப் புல்லில் விட்டால், மற்ற ஆட்டுக்குச் சத்தாக இருக்கிற செம்பே இதற்கு விஷமாகிவிடும். குட்டி ஈனும் சமயத்தில் மட்டும் தாயாடுகளைச் சுவருக்குள் விடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் புல், சீராட்டு, பிரசவத்துக்குப் பிறந்தவீடு வந்த பெண் மாதிரி. இந்த மாதம்தான் திரும்ப அனுப்பிவைத்தோம். ஒன்றாவது கண்ணைக் கசக்க வேண்டுமே? பாசி வாடை பட்டதும் குட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

ஆட்டுக்கென்று ஒரு கோர்ட்டும் இருக்கிறது. ஷீப் கோர்ட் என்றே பெயர். கறுப்பு அங்கி, வாய்தா எல்லாம் கிடையாது. தீவுக்காரர்கள் உட்கார்ந்து பேசுகிற சபை. யார் எத்தனை ஆடு வைத்துக்கொள்ளலாம், சுவரில் எந்தத் துண்டு யார் பொறுப்பு, மந்தையை எப்போது சேர்ப்பது எல்லாம் அங்கே முடிவாகும். நம் ஆட்டு மந்தைக் கீதாரிகள் கூடிப் பேசுவதுபோலத்தான். நம் வரப்புத் தகராறை இந்தக் கோர்ட்டில் போட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

கம்பளி வெட்டும் காலத்தில் மந்தை சேர்ப்பது பெரிய கூத்து. கடல் ஏறி ஆடுகள் சுவரோரம் ஒதுங்குகிற நேரம் பார்த்து, ஊரே கடற்கரையில் வரிசைகட்டி நடக்கும். ஓட்டிக்கொண்டுபோய்க் கல்பட்டியில் அடைத்து, காதில் இருக்கும் வெட்டைப் பார்த்து யாருடையது என்று பிரிப்பார்கள். நான் கீதாரி வீட்டு மாப்பிள்ளை என்று ஏற்கெனவே பெருமை அடித்துவைத்திருந்ததால், என்னை முக்கியமான இடைவெளியில் நிறுத்தினார்கள். மந்தை வந்தது. நான் கையை அகல விரித்து, நீங்கள் கொடுக்கிற அந்த "ப்ர்ர்ர்... ஹேய்" சத்தத்தைக் கொடுத்தேன். ஆடு ஒன்றும் சட்டைசெய்யவில்லை. காவல்நாய் மட்டும் நின்று என்னை வருத்தத்தோடு பார்த்தது. அதற்குள் பதினேழு ஆடுகள் என் காலிடுக்கு வழியாகப் போய்விட்டன. எண்ணியது நான் இல்லை, பின்னால் நின்ற பாட்டி. அதே டீப் பாட்டிதான்.

சுவர் வேலையிலும் கைவைத்தேன். குளிர்காலப் புயல் தள்ளிவிட்ட இடங்களைத் திரும்ப அடுக்க, கோடையில் ஆட்டுத் திருவிழா என்று ஒன்று நடத்துகிறார்கள், 2016-லிருந்து. வெளியூர் ஆட்கள் சொந்தச் செலவில் வந்து, கூலி வாங்காமல் கல் தூக்குகிறார்கள். பாசி விஷயத்தையாவது நம்புவீர்கள், இதை நம்ப மாட்டீர்கள். நான் இரண்டு நாளில் இரண்டு மீட்டர் அடுக்கினேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு கிடாய் அதன்மேல் ஏறி நின்று சோதித்துப் பார்த்தது. சுவர் தேறவில்லை.

அதே சுவரோரம்தான் ஃபுல்மர் என்று ஒரு கடற்பறவை கூடுவைக்கும். பார்க்கப் புறாபோலச் சாது. கிட்டே போனால் வயிற்றிலிருக்கும் எண்ணெயை வாய்வழியாகப் பீய்ச்சி அடிக்கும். குஞ்சுகூட அடிக்கும். குறி தப்பாது. பத்து வருஷக் கருவாட்டுப் பானையைத் தலையில் கவிழ்த்த மாதிரி ஒரு நாற்றம். உங்கள் மகள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உடுப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் புதைத்தே விட்டார். ஆலாக் குருவிகள் பரவாயில்லை, தலையில் கொத்துவதோடு சரி. அவை கோடைக்கு இங்கே, மறு கோடைக்குத் தென்துருவக் கடல் என்று உலகத்தின் இரண்டு முனைக்கும் போய்வருகிற ஜாதி. அவ்வளவு தூரம் அலைந்தால் எனக்கும் கோபம் வரும்.

பாறையில் சீல்கள் படுத்துக்கிடக்கும், நம் பக்கத்துக் கடல்பசுவுக்கு மீசை வைத்தது மாதிரி. இவற்றைப் பற்றி இங்கே ஒரு பழங்கதை: சீல் தோலைக் கழற்றிவைத்துவிட்டுப் பெண்ணாகக் கரைக்கு வருமாம், தோலை ஒளித்துவைத்தால் அவள் திரும்பிப் போக முடியாமல் கூடவே இருந்துவிடுவாளாம். நான் வந்தது உங்கள் மகளின் நர்ஸ் வேலைக்குக் கிடைத்த விசாவில் ஒட்டிக்கொண்டு. இரண்டு பாஸ்போர்ட்டும் அவள் பெட்டியில்தான் இருக்கின்றன என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தை கேட்டதற்காக ஒரு வரி: கலங்கரை விளக்கம் 1854-ல் கட்டியது, 42 மீட்டர், பிரிட்டனில் தரையில் நிற்பவற்றில் இதுதான் உயரம். 176 படி. ஏறினேன். முழங்கால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. 1789-ல் கட்டிய பழைய விளக்குத் தூணும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அதன் விளக்கைக் கழற்றிவிட்டு உச்சியில் ஒரு கல் உருண்டையை வைத்துவிட்டார்கள். பதவி போன பிறகும் தலைப்பாகையைக் கழற்றாத நம் பழைய பிரசிடெண்ட் மாதிரியே இருக்கும்.

அதற்கும் முன்னால், 1740-ல், வங்காளத்திலிருந்து துணியும் சாயமரமும் ஏற்றிக்கொண்டு சுவீடனுக்குப் போன ஸ்வேசியா என்ற கப்பல் இந்தத் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. ஆக, நம் நாட்டுப் பக்கமிருந்து இங்கே வந்து மாட்டிக்கொண்ட முதல் சரக்கு நான் இல்லை.

கடைசியாக ஒரு உதவி. அடுத்த தடவை பாம்பன் பக்கம் போனால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியில் ஒரு கை எடுத்துவந்து நம் கொம்புக் கிடாய்க்கு நீட்டிப் பாருங்கள். சினிமா போஸ்டர் தின்கிற வெள்ளாட்டிடம் காட்டாதீர்கள், அது சாட்சியாகாது. கிடாய் வாங்கித் தின்றால் உடனே போன் போடுங்கள். தின்னாவிட்டால் நமக்குள்ளேயே இருக்கட்டும், அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்.

பி.கு.: இன்னொரு வேட்டி அனுப்பும்போது கூடவே நான்கு துணிக்கிளிப்பும் அனுப்பவும்.