மாமா கேட்ட தலைக்கணக்கு

பாரிஸுக்கு வடக்கே,
பிப்ரவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

குளிர் காதைப் பிடித்துத் திருகுகிறது. என் அம்மா, உங்கள் அக்கா, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் பழைய கோட்டு, அதற்கும் மேல் ஒரு துண்டு என்று சுற்றிக்கொண்டு ஹீட்டரை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏன் மாப்ளே, உங்க ஊர்ல வெள்ளைக்காரன் எத்தனை, கறுப்பன் எத்தனை, அரபிக்காரன் எத்தனை, நம்மாளு எத்தனை? ஒரு கணக்குக் கேட்டுச் சொல்லு." நானும் யோசிக்காமல் மெரிக்கு, அதாவது இங்கத்து நகராட்சி அலுவலகத்துக்கு, போய்க் கேட்டுவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண், நான் என்னமோ அவள் சம்பளத்தைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தாள். "அப்படி ஒரு கணக்கு கிடையாது மிஸ்யே. எடுத்தால் சட்ட விரோதம்."

அவள் சொன்னது நிஜம்தான். ஒருவர் என்ன இனம், என்ன நிறம் என்று எழுதிச் சேர்த்து வைக்க 1978-ஆம் வருஷத்துச் சட்டம் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. 2007-இல் அரசியல் சாசன மன்றமும் அதையே உறுதிசெய்தது. 2018-இல் சாசனத்திலிருந்து 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்று கீழ்ச்சபையில் ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். அந்தத் திருத்தம் பாதியில் நின்றுபோனதால் சொல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் இதற்கு எதற்குச் சட்டமும் சாசனமும்? தெருப் பெயரைச் சொன்னால் போதும், மீதியை டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

ஆனாலும் உங்களுக்குக் கணக்கு அனுப்பியே தீர்வது என்று இருந்தேன். அதற்குத் தோதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பே வாசலுக்கு வந்தது. 10,000 பேருக்குக் குறைந்த ஊர் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக வருவார்கள். எங்கள் ஊரில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். இந்த வருஷம் எங்கள் முறை.

வந்தது ஐம்பது வயதுப் பெண்மணி, கறுத்த முகம், கழுத்தில் மெரி கொடுத்த அட்டை. இணையத்திலேயே நிரப்பலாமாம். உங்கள் அக்காவா விடுவாள்? காகிதம்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டாள்.

மாமா, படிவம் தலைக்கு ஒன்று. இனம் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, சாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டதில் எங்கே பிறந்தாய், எந்த நாட்டுக் குடிமகன் என்பது இருந்தது. சின்னக் கேள்விதானே என்று நினைத்தேன். காரைக்கால்காரன் வீட்டில் எது சின்னக் கேள்வி?

முதலில் என்னுடையது. தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்; காரைக்கால் சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறிய 1962-இல் பிரான்ஸே போதும் என்று கையெழுத்துப் போட்டவர். அதனால் அப்பா பிரெஞ்சு, அதனால் காரைக்கால் ஆஸ்பத்திரியில் பிறந்த நானும் பிறப்பால் பிரெஞ்சு. இங்கே 'குடியேறியவர்' என்றால் வெளிநாட்டில், வெளிநாட்டவராகப் பிறந்தவர் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் நான் குடியேறியவன் இல்லை! எதிர் வீட்டுப் போர்ச்சுக்கல் கொத்தனார், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்த மனிதர், அவர் குடியேறியவர். 2023-இல் இந்த நாட்டில் குடியேறியவர்கள் 73 லட்சம் பேர் என்றார்கள். அதில் அவர் உண்டு, நான் இல்லை. திருநள்ளாற்றிலிருந்து கல்யாணமாகி வந்த என் மனைவி உண்டு. இங்கேயே பிறந்த என் மகள் இல்லை. ஒரே சாப்பாட்டு மேஜையில் இத்தனை வகை.

எனக்கு ஒரே ஒரு தழும்பு உண்டு. சமூகப் பாதுகாப்பு எண்ணில் பிறந்த மாவட்டம் என்று ஒரு இடம். வெளிநாட்டில் பிறந்தவனுக்கு அங்கே 99. பாட்டா செருப்பு விலை மாதிரி ஆயுசுக்கும் என் முதுகில் ஒட்டியிருக்கிறது.

அடுத்து உங்கள் அக்கா. பிறந்தது 1952. அன்றைக்குக் காரைக்காலில் பறந்தது மூவர்ணக் கொடிதான், ஆனால் நீலம், வெள்ளை, சிவப்பு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். உங்கள் அப்பா ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்காததால் அம்மா பத்து வயதில் இந்தியப் பிரஜை ஆனாள். பிறகு அப்பாவைக் கட்டி மறுபடி பிரெஞ்சு. படிவத்தில் 'பிறப்பால் பிரெஞ்சு' என்று ஒரு கட்டம், 'பிறகு பிரெஞ்சு ஆனவர்' என்று ஒரு கட்டம். அம்மாவுக்கு இரண்டும் பொருந்தும், டிக் ஒன்றுதான். "நான் எங்கடா போனேன்? பாரதியார் ரோட்டுல நின்ன இடத்துலதான் நின்னேன்" என்கிறாள். கணக்கெடுக்க வந்த அம்மா பேனாவை மூடிவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தார்.

நீங்கள் தப்பித்தீர்கள் மாமா. 1957-இல் பிறந்த உங்களுக்குச் சட்டப்படி பிரான்ஸ், நடப்பில் இந்தியா. உங்கள் படிவத்தை நிரப்பியிருந்தால் அந்த அம்மா வேலையை விட்டிருப்பார்.

பெயரில் வந்தது அடுத்த வில்லங்கம். இங்கே குடும்பத்துக்கு ஒரே பெயர். தாத்தாவின் பெயர் பட்டாளத்துக் காகிதத்தில் ஏறி, அதுவே எங்கள் எல்லோருக்கும் பெயராகிவிட்டது. நான் கலியபெருமாள், என் மனைவி மதாம் கலியபெருமாள், ஒன்பது வயது மகளும் கலியபெருமாள். மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாத உங்கள் அக்காவை டாக்டர் வீட்டு வரவேற்பறையில் நாலு பேர் நடுவே "மதாம் கலியாபெஹுமால்!" என்று கூப்பிடுகிறார்கள். ரகரம் இவர்களுக்குத் தொண்டையிலிருந்துதான் வரும். பெயரைச் சொல்லுங்கள் என்றால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள். காது கேட்கவில்லை போல என்று அவர்கள் இன்னும் உரக்கக் கத்துகிறார்கள்.

அரசாங்கம் எண்ணவில்லை என்பதால் ஊர் எண்ணாமல் இல்லை. வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு தரகருக்குப் போன் போட்டேன். கலியபெருமாள் என்றதும், முடிந்துவிட்டது என்றார். பத்து நிமிஷம் கழித்து என் கூட வேலை பார்க்கும் வெள்ளைக்கார நண்பன் கூப்பிட்டான். சாயந்திரமே வந்து பார்க்கச் சொன்னார்கள். இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டில் ஏறும்? கணக்கே இல்லை என்றால் எதைக் காட்டி நியாயம் கேட்பது? கேட்காமல் இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் போனுக்குப் பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சந்தை நாளில் நான் எடுத்த கணக்கைச் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் விற்பவர் மொரோக்கோ. சிகரெட் கடை சீனர். ரொட்டிக் கடை துனிசியா. முருங்கைக்காய் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்து அண்ணன் கடை. ரொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது: 2023-இல் பாரிஸிலேயே சிறந்த பாகெத் என்று பரிசு வாங்கியது இலங்கைத் தமிழர் தர்ஷன் செல்வராஜா. ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு அவர் ரொட்டி போனது. பக்கத்தில் சார்செல் என்ற ஊரில் துருக்கியிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள் பெரிய கோயில் கட்டியிருக்கிறார்கள். யார் பெயரில் தெரியுமா? நம் பரங்கிமலைத் தோமையார் பெயரில். போய்ப் பார்த்தேன், தெரிந்தவர் வீட்டுக்குப் போனதுபோல் இருந்தது.

கணக்கெடுக்க வந்த அம்மாவின் அட்டையைக் கடைசியில்தான் கவனித்தேன். பெயர் 'சாமி' என்று முடிந்தது. கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவர். கரும்பு வெட்டுவதற்கென்று 1854-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் போன்ற இந்தியத் துறைமுகங்களில் கப்பலேற்றி அந்தத் தீவுக்குக் கொண்டுபோனவர்கள் 40,000-க்கும் மேல். எர்னஸ்ட் முத்துசாமி என்று ஒருவர் அங்கிருந்து 20 வருஷத்துக்கு மேல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தாரே, அந்த வழி. இந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பாட்டி கும்பிட்ட சாமி 'மாலியெமின்' என்றார். அம்மா ஒரு நிமிஷம் யோசித்து, "அட, மாரியம்மன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வைப்பது 'கொலொம்போ'. மஞ்சள், மல்லி, சீரகம் போட்டு ஆட்டுக்கறி. நம் குழம்புதான், ரசீது தொலைந்துபோன குழம்பு. எந்தக் கப்பலில், எந்தத் துறையில் ஏறினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அம்மா மட்டும் "அரசலாத்து முகத்துலதான் ஏறியிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, மதியத்து மீன் குழம்பை டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

அவர் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர். அதனால் குடியேறியவர் கணக்கில் அவரும் இல்லை. நீங்கள் கேட்ட "நம்மாளு எத்தனை" என்பதில் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க வருவார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதிக் கணக்கும் கடைசியாக வெளிவந்தது 1931-இல்; இப்போது மறுபடி எல்லோரிடமும் சாதி கேட்கப்போகிறார்களாம். அந்த 1931 கணக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கு. காரைக்கால் அதில் சேர்த்தியில்லை. வருகிறவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், காப்பியும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் மார்க்கெட்டுத் தெருப் பையன் இங்கே வருகிறானாமே, அவனிடம் குழம்புத்தூள் இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள். ஒரு கிலோ எங்களுக்கு, ஒரு கிலோ அந்த அம்மாவுக்கு. அவருடையதற்கு மட்டும் மில்லில் மிளகாயைக் குறைத்து அரைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு தலைமுறையாக வெளியூரில் இருக்கிறவர்கள், காரம் தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்