பெறுநர்: வேகத்தடை அதிகாரி அவர்கள்

அனுப்புநர்:
இரண்டு பிள்ளைகளின் தாய்,
தன் வண்டியைத் தானே ஓட்டுபவர்,
தென்சென்னைப் புறநகர்.

பெறுநர்:
உயர்திரு வேகத்தடை அதிகாரி அவர்கள்,
(மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, காவல்துறையா, குடியிருப்போர் நலச் சங்கமா என்று யாருக்கும் தெரியவில்லை. பொருந்தாததை அடித்துவிடவும்.)

பொருள்: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத் தடையின்மைச் சான்று கோருதல் தொடர்பாக.

பார்வை: இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியீடு, ஐ.ஆர்.சி. 99, ஆண்டு 1988. (கட்சி அல்ல. 1934 முதல் இயங்கிவரும் சாலைப் பொறியாளர்களின் அமைப்பு.)

ஐயா அல்லது அம்மா,

எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். புதிதல்ல. புதிது வாங்க வசதி இருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், தெருவையே மாற்றியிருப்பேன். யாரோ சில வருடம் ஓட்டி, ஆசை தீர்ந்தோ இ.எம்.ஐ. தீராமலோ விற்கிற வண்டி போதும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய், டிபன் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிற வண்டி அல்ல நான் கேட்பது. மூத்தவளைப் பள்ளியில் இறக்கி, சின்னவனை அம்மா வீட்டில் விட்டு, அலுவலகம் போய், மாலையில் இதையே திருப்பிச் செய்கிற வண்டி.

இதில் என் அனுமதி எதற்கு என்று தாங்கள் வியக்கலாம். அது தங்கள் தன்னடக்கம். நான் ஆலோசனை கேட்ட அத்தனை பேரும் குதிரைத்திறன், டர்போ, கியர்பாக்ஸ் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: “எல்லாம் சரிக்கா, மேட்டுல ஏறுமா?” இந்த ஊரில் யார் எந்தக் கார் வாங்கலாம் என்று முடிவு செய்வது தாங்கள்தான். பாங்க் மேனேஜர் எல்லாம் உங்களுக்கு அப்புறம்.

தங்கள் பரிசீலனைக்கு வந்த வண்டிகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பி.எம்.டபிள்யூ. இசட்4. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. இரண்டு இருக்கை. எனக்கு இரண்டு பிள்ளை. கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஓட்டத்தான் ஆளில்லை. போர்ஷே பாக்ஸ்டரும் அதே கதி. மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றார் புரோக்கர், ஏதோ கல்யாண வேன் நினைப்பில். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 194-பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். என் சின்னவனுக்கோ இன்னும் பின்னோக்கிப் பார்க்கிற குழந்தை இருக்கைதான். ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் அதை முன் சீட்டில் மாட்டவே கூடாது. பை வெடித்து விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் இறங்கும். ஆகவே பின் சீட் கட்டாயம்.

பின் சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் காரும் இருக்கிறது. போர்ஷே 911. பின்னால் இரண்டு குழி இருக்கும், அதைத்தான் இருக்கை என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். உடன் வந்த என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கைப்பை வைக்க எடம் நல்லா விட்டிருக்கான். நான் எங்க உக்காரது?” என்றார். அந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. என்று ஒன்று 2016-ல் வந்தது. நாடு முழுவதற்கும் 99 வண்டிதான் ஒதுக்கினார்கள். 192 குதிரைத்திறன், பொடி உருவம், பிள்ளைகள் பார்த்ததும் சிரிக்கிற மாதிரி முகம். ஆனால் பக்கத்துக்கு ஒரே கதவு. குழந்தையை இருக்கையோடு கட்ட வேண்டுமானால் முன் சீட்டைச் சாய்த்து, உடம்பைப் பாதி உள்ளே நுழைத்து, இருட்டில் கொக்கி தேட வேண்டும். பிள்ளை அந்த நேரம் பார்த்து முதுகை வில்லாக வளைப்பான். கொக்கி ‘டிக்’ என்று மாட்டும்போது நமக்கு இடுப்பில் ‘டிக்’ என்கிறது. ஃபியட் அபார்த் 595-ம் இதே ரகம்.

மிச்சம் நின்றது 2017-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 குதிரைத்திறன், நான்கு கதவு, 590 லிட்டர் டிக்கி. தள்ளுவண்டி, ஸ்கூல் பை, டயப்பர் மூட்டை எல்லாம் போட்டும் இடம் மிச்சம். பார்த்தால் பாங்க் ஆபீசர் கார், மிதித்தால் வேறு ஆள். 500 வண்டி இறக்கி, மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. அதனால் இப்போது ஒன்று விலைக்கு வந்தால் ஊர் முழுக்கப் போட்டி. சம்சாரிக்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான். என் ஓட்டு இதற்கே.

அப்படி விலைக்கு வந்த ஓர் ஆக்டேவியாவைப் பார்க்கப் போனோம். “மேடம், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி. வீட்ல சும்மாவே நின்னுது” என்றார் புரோக்கர். (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாம் டாக்டர் வண்டிதான். இவ்வளவு காரை வைத்துக்கொண்டு அவர்கள் எப்போது வைத்தியம் பார்க்கிறார்களோ.) கூட அழைத்துப்போன மெக்கானிக் அண்ணன் பேசவே இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துக் கீழே கூப்பிட்டார். முன் பம்பரின் கீழ் உதடு தேய்ந்து மழுங்கியிருந்தது. என்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டின் கிளிப்புகள் போய், கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தது. ஆயில் சம்ப்பின் மேல் குறுக்கு மறுக்காக அல்ல, முன்னிருந்து பின்னாக, இணை இணையாகக் கோடுகள். “மீட்டரை மாத்தலாம், பெயின்ட்டை மாத்தலாம். இதை மாத்த முடியாதுக்கா” என்றார். அத்தனையும் தங்கள் கையெழுத்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பார்வையில் கண்ட ஐ.ஆர்.சி. புத்தகத்தை நான் படித்தேன். தங்கள் துறையில் யாரும் படிக்காமல் விட்டதால் பிரதி புத்தம் புதிதாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த 1988 பதிப்பின்படி (2018-ல் அதைத் திருத்திவிட்டார்கள்) ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அது. கார் 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. மேலே பெயின்ட் பட்டை.

இப்போது 911-ஐ அதன் மேல் ஏற்றுவோம். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் இடையே சுமார் 11 செ.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர். 17 மீட்டர் ஆரத்தில் 2.45 மீட்டர் நீளத்துக்கு வளைவு எவ்வளவு எழும்பும்? பத்தாம் வகுப்புக் கணக்கு: நாலரை செ.மீ.கூட வராது. அதாவது, விதிப்படி போட்ட வேகத்தடையின் உச்சியில் போர்ஷேயை நிறுத்தினாலும் அடியில் 6 செ.மீ. காற்று ஓடும். இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆசைக்கு எதிரி விதி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விதி என் பக்கம் இருக்கிறது, ஐயா. அது தெருவுக்குத்தான் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் இருப்பதை மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை மேட்டின் மேல் கிடத்தி, அவள் டார்ச் பிடிக்க, நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். உயரம் 16 செ.மீ. அகலம் அரை மீட்டர், கொஞ்சம் கூடுதல். ஆட்டுக்கல் குழவியைத் தெருவுக்குக் குறுக்கே படுக்க வைத்த மாதிரி. பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. அந்தப் பக்கம் போன பெரியவர், “வீடு கட்டுறப்ப மிச்சம் கலவை இருந்துச்சும்மா, போட்டுட்டாங்க” என்று வரலாறு சொன்னார். போட்டது யார் என்றதற்கு, “எல்லாரும் சேர்ந்துதான்” என்றார்.

தங்கள் தரப்பு நியாயத்தையும் யோசித்தேன். குழந்தைகள் விளையாடுகிற தெரு, அதனால் தடை. நானும் குழந்தை வைத்திருக்கிறவள்தான். தடை வேண்டும். 2023 நவம்பரிலிருந்து சென்னையில் காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வேக வரம்பு இருக்கிறது; அதை மதிக்க வைக்க ஏதாவது வேண்டாமா? ஆனால் நடந்திருப்பதைப் பாருங்கள். மேடு உயர உயர, தெருவாசிகள் உயரமான வண்டியாக வாங்கினார்கள். உயரமான வண்டிக்கு மேடு உறைப்பதில்லை. வேகம் குறைக்காமல் தாவிப் போகிறது. தாழ்ந்த காரும் ஸ்கூட்டியில் வருகிற அம்மாவும் கர்ப்பிணியை ஏற்றிய ஆட்டோவும்தான் முக்கித் தவிக்கிறார்கள். அந்த உயரமான வண்டியின் பானெட்டுக்கு முன்னால் எல்.கே.ஜி. பிள்ளை நின்றால் ஓட்டுகிறவருக்குத் தலை தெரியாது. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் விபத்துகளை ஆராய்ந்து சொன்னது: பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள வண்டி மோதுவதைவிட நடப்பவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட மேடு, பிள்ளைகளைப் பார்க்க முடியாத வண்டியை விற்றுக் கொடுத்திருக்கிறது. கார் கம்பெனிகள் தங்களுக்குக் கமிஷன் தராமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம்.

வெளிநாட்டுக்காரன் உங்களை எவ்வளவு மதிக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். போர்ஷேயின் புதிய கார்கள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் வண்டி சில செ.மீ. எழும்பும். எந்த இடத்தில் அழுத்தினோம் என்பதைச் செயற்கைக்கோள் உதவியோடு குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த மேடு வரும்போது தானாகவே எழும்பும். எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது என்ற பட்டியல் காரிடம் இருக்கிறது. தங்களிடம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அந்த வேலையை இப்போது மகள் பார்க்கிறாள். “அம்மா, மேடு!” என்று அவள் கத்துவதற்கும் நான் பிரேக் போடுவதற்கும் நடுவில் அவள் கையில் இருக்கும் பிஸ்கட் டாஷ்போர்டுக்கு வந்துவிடும்.

நம் ஊரில் நல்ல சாலை போடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம், அண்ணா சாலை என்று மூன்றரை கி.மீ. சுற்று, இரவில் விளக்கு வெளிச்சத்தில். பம்பர் தரையைத் தொடுகிற மாதிரி இருக்கிற கார்களெல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. நான் என் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினேன். “இங்கயே நம்ம ஸ்கூல் இருந்தா நல்லா இருக்கும்ல?” என்றாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பந்தயக்காரருக்குப் போட முடிந்த வழவழப்பு பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளுக்கு ஏன் கட்டுப்படியாகவில்லை?

மழைக்காலத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் பிடித்துக்கொள்கிறேன். அது வேறு துறை.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து பரிசீலிக்க வேண்டியது இவ்வளவே. எந்த வேகத்தடையையும் முழுசாக எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பள்ளி வாசலில் இருப்பதை எடுத்தால் முதலில் மறியல் செய்வது நானாகத்தான் இருப்பேன். அதை 3.7 மீட்டருக்கு அகலப்படுத்தி, 10 செ.மீ.க்குத் தாழ்த்தி, பெயின்ட் அடித்து, பலகை நட்டுத் தாருங்கள். போட்டவர் யார், போட்ட தேதி என்ன என்று ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பெயின்ட் டப்பா செலவு பட்ஜெட்டில் இடிக்கிறது என்றால் நான் வாங்கித் தருகிறேன், பிரஷ்ஷோடு. அதுவரை அந்த ஆக்டேவியாவை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருக்கச் சொல்லி புரோக்கருக்கு ஒரு கடிதம் கொடுத்து உதவினால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆயுள் வரி முழுவதும் கட்டிய ஒருத்தி.

நகல்: தலைவர், எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம். தகவலுக்காகவும், அடுத்த வீடு கட்டும்போது மிச்சமாகும் கலவையை அவர் வீட்டுப் படிக்கட்டுக்கே பயன்படுத்திக்கொள்ள வேண்டியும்.